மஞ்சள் பையும் நம் மன்றமும்

மஞ்சள் பை என்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் வசைச்சொல்லாகவே இருந்தது. பட்டணத்துக்குப் புதியவன், ஏமாளி, நாலு பேர் நடுவில் நிற்கத் தெரியாதவன் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வேண்டுமானால், "மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்" என்றால் போதும். அந்தப் பை செய்த குற்றம்தான் என்ன? திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு மங்கலமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அது கடைக்குப் போயிற்று; நிலப் பத்திரத்தைக் காத்தது; பள்ளிப் பிள்ளையின் புத்தகத்தைச் சுமந்தது; கிழிந்த பிறகும் ஓயாமல் கரித்துணியாகி அடுப்பங்கரையில் உழைத்தது. இத்தனை செய்த பொருளுக்கு நாம் சூட்டிய பட்டம் பட்டிக்காடு என்பது!

காலம் திரும்பிற்று. 2018 ஜூன் 5-ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட தடை, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் பல அதில் அடங்கின. 2021 டிசம்பர் 23-இல் சென்னைக் கலைவாணர் அரங்கில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் எந்திரமும் வந்து நின்றது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதற்குமே பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவை விலக்கப்பட்டுவிட்டன. ஆகவே நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஐதராபாத்திலும் அவை விலக்கப்பட்ட பொருள்களே. தடை ஏட்டில் இருக்கிறது. தட்டு கடையில் இருக்கிறது.

அரசினரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்களைக் குறைகூற நாளிதழ்கள் இருக்கின்றன. நம் மன்றத்து விழா முடிந்த இரவில் அரங்கின் பின்புறம் ஒருமுறை நடந்து பாருங்கள், நண்பர்களே! மேடையில் தமிழர் பண்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்போம். பின்புறத்தில் தட்டும் குவளையும் சாம்பார் ஒழுக மலைபோல் குவிந்திருக்கும். விடியுமுன் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அதை வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருப்பார். அங்கிருந்து அது ஊருக்கு வடகிழக்கே ஜவகர்நகர்க் குப்பை மேட்டுப் பக்கம் போகும். அந்த மேட்டை மண்ணிட்டு மூடினார்கள். ஆயினும் அதன் கசிவு நீரைப் பற்றிச் சுற்றிலும் வாழும் மக்கள் இன்றும் முறையிடுகிறார்கள். நம் பொங்கல் விழாவுக்கும் அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கசப்பானாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு மாற்று என்ன என்றவுடன், "துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் பலர். சரிதான். ஆனால் எது துணிப்பை? இந்நகரத்து இனிப்புக் கடையிலும் துணிக்கடையிலும் ஒரு பை தருகிறார்கள். தொட்டால் துணிபோல் இருக்கும். வண்ணம் அழகாக இருக்கும். நம்மவர்களும், "பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டோம்" என்று பெருமையோடு வாங்கி வருகிறார்கள். அது தறியில் நெய்த துணியன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை வெப்பத்தால் அமுக்கி ஒட்டியது. மைய அரசு 2021-இல் திருத்திய விதிகளே அதைப் பிளாஸ்டிக் பை என்றுதான் வகைப்படுத்துகின்றன. சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது என்று எடையும் குறித்திருக்கின்றன. ஐயம் உள்ளவர்கள் ஒரு நூலளவு கிழித்துத் தீக்குச்சியில் காட்டலாம். பருத்தி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகும். நாலு முறை எடுத்துப் போனால் கைப்பிடி பிய்ந்துவிடும். பிறகு பொடிப்பொடியாக உதிரும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். நம் வீடுகளில் ஒயர் கூடை என்று ஒன்று உண்டு. முழுக்க முழுக்க பிளாஸ்டிக்தான். அத்தையோ சித்தியோ பிற்பகல் வேளைகளில் திண்ணையில் அமர்ந்து பின்னியது. சிவன்கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று அதற்குள் ஒரு கலையே இருக்கிறது. காய்கறி, பால் செம்பு, மருத்துவமனைக்குச் சோறு, கோயிலுக்குத் தேங்காய் எல்லாவற்றையும் அது சுமக்கும். அழுக்கானால் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தால் தீர்ந்தது. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த கூடைகளைப் பார்த்திராத தமிழ் வீடு அருமை. கைப்பிடி நைந்தால் கைப்பிடிக்கு மட்டும் புது ஒயர் வாங்கிச் சுற்றுவார்கள்; கூடை அப்படியே இருக்கும்.

இரண்டும் பிளாஸ்டிக். ஒன்று துணி வேடம் போட்டு ஏமாற்றுகிறது. மற்றொன்று வேடமின்றி இருபது ஆண்டு உழைக்கிறது. பிளாஸ்டிக் என்ற பெயரை மட்டும் பகையாகக் கொண்டால் கூடையை எறிந்துவிட்டுப் போலிப் பையை வாங்குவோம். பகை பொருளின் மேலன்று. எறியும் பழக்கத்தின் மேல்தான் என்பது என் துணிபு.

துணிபு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. நம் நண்பர்களில் அறிவியல் படிப்போர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உடனே ஒரு கணக்கை எடுத்து நீட்டுவார்கள். 2018-இல் டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றை உண்டாக்கப் பிடிக்கும் நீர், உரம், மின்சாரம் முதலிய எல்லாவற்றையும் கணக்கிட்டால், கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாக வேண்டுமானால் 7,100 முறை பயன்பட வேண்டும் என்பது அதன் முடிவு. தட்பவெப்பக் கேட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் 52 முறை போதும். இங்கிலாந்தில் 2011-இல் வந்த ஆய்வு 131 முறை என்றது. 7,100 முறை என்றால் நாள்தோறும் கடைக்குப் போனாலும் 19 ஆண்டுக்கு மேலாகும்! "ஆகவே உங்கள் மஞ்சள் பை வெறும் உணர்ச்சிவசம்" என்று அவர்கள் முடிக்கலாம்.

நான் இக்கணக்கை மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. டென்மார்க்கில் எறிந்த பை குப்பைத் தொட்டிக்குள் விழும். அங்கிருந்து உலைக்குப் போய் எரிந்து மின்சாரமாகும். இங்கே அது மூசியில் மிதக்கிறது. பசுவின் வயிற்றில் கிடக்கிறது. மழைக்காலத்தில் நாலாவை அடைக்கிறது. 2020 அக்டோபரில் இந்நகர் வெள்ளத்தில் மூழ்கியதை நம் மூத்த மாணவர்கள் மறந்திருக்க முடியாது. அதற்குக் காரணங்கள் பல; ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியது முதற்காரணம். ஆயினும் அடைபட்ட கால்வாய்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சிதறிக் கிடக்கும் குப்பையால் வரும் இத்தகைய தீங்கு டென்மார்க்காரர் கணக்கில் எடையாக ஏறவில்லை.

ஆனால் அக்கணக்கில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. புதுப் பருத்தியில் புதுப் பை தைத்து, மாநாட்டுக்கு ஒன்று, கருத்தரங்குக்கு ஒன்று என வழங்குகிறோமே, அது பயனற்றது. நம் விடுதி அறைகளில் கதவுக்குப் பின்னால் இத்தகைய பைகள் எத்தனை தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏழோ எட்டோ இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கருத்தரங்கின் பெயர். ஒன்றுகூடக் கடைத்தெருவைப் பார்த்திராது. பசுமை பற்றிய கருத்தரங்கின் பையும் அவற்றுள் ஒன்றாக இருந்தால் வியப்பதற்கில்லை.

புதுத் துணியை விட்டுப் பழந்துணிக்கு வருவோம். வேட்டியும் சேலையும் காற்சட்டையும் ஏற்கெனவே நெய்யப்பட்டுவிட்டன. அவற்றுக்குச் செலவான நீரும் உரமும் செலவானவையே. அதை வெட்டிப் பையாகத் தைத்தால் அந்தப் பைக்கு 7,100 முறை என்ற கடன் எங்கிருந்து வரும்? ஊசியும் நூலும் அரை மணி நேர உழைப்புமே அதன் செலவு. நம் பாட்டிமார் டென்மார்க்குக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் பிழையின்றிச் செய்தார்கள். அம்மாவின் பழஞ்சேலைதான் பிள்ளைக்குத் தூளி. தூளி நைந்தால் இடுதுணி. அதுவும் நைந்தால் விளக்குத் திரி. தெலுங்கு நாட்டில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை விரிப்பை 'பொந்த' என்பார்கள். வங்காளத்தில் அதற்குக் காந்தா என்று பெயர். இன்று அது பெருங்கடைகளில் கலைப்பொருளாக விலைபோகிறது. வட கன்னடத்துச் சித்தி மக்கள் தைக்கும் கவந்தியும் இவ்வினத்ததே. மொழிதான் வேறு, தாயின் சேலைமேல் பிள்ளை உறங்குவது எங்கும் ஒன்றே.

காகிதக்கூழ்க் கூடையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பழைய தாள்களை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைப்பார்கள். காய்ந்தபின் குடத்தை எடுத்துவிட்டால் கூடை நிற்கும். வெந்தயம் பசையாகவும் இருக்கும், பூச்சியையும் அண்ட விடாது. வடகம், அப்பளம், பருப்பு எல்லாம் அதில்தான். முறத்தின் இடுக்கிலும் அதே கூழைத்தான் பூசுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் நம் விடுதியில் மூட்டை மூட்டையாகத் தாள் போகிறது. யாருக்கேனும் ஆசையிருந்தால் செய்து பார்க்கலாம்.

பனையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இதழ் கொள்ளாது. கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியையும், செட்டிநாட்டுக் கொட்டானையும், மணப்பாட்டு மகளிர் முடையும் பெட்டிகளையும் அறியாதவர்கள் விடுமுறையில் தென் மாவட்டங்களுக்குப் போய்வர வேண்டும். கொட்டான் முடையும் கலை மறையும் நிலையில் இருந்தபோது விசாலாட்சி ராமசாமி அம்மையாரின் முயற்சியால் காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் மீண்டும் கற்றுக்கொண்டனர் என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. ஆனால் ஒன்று: கையால் முடைந்த பொருளை வாங்கும்போது நாம் பேரம் பேசும் அழகைப் பார்க்கவேண்டும்! குளிரூட்டிய கடையில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு வரும் நாம், சாலையோரத்தில் மூங்கிற்கூடை முடைந்து விற்கும் அம்மையாரிடம் இருபது ரூபாயைக் குறைக்கக் கால்மணி நேரம் வாதிடுகிறோம். கைத்தொழில் வாழவேண்டும் என்ற பேச்சுக்கு அந்தக் கால்மணி நேரத்திலேயே தேர்வு முடிந்துவிடுகிறது.

இனி உணவுக்கு வருவோம். விழாவின் பெருங்குப்பை அங்குதான். பிளாஸ்டிக் குவளைக்குத் தடை என்றதும் காகிதக் குவளை வந்தது. அது காகிதம் மட்டுமன்று. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் தேநீர் ஒழுகிவிடும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்ட முடிவு ஒன்று உண்டு: 100 மில்லிலிட்டர் சூடான நீரை அத்தகைய குவளையில் 15 நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. நாம் தேநீரோடு அதையும் பருகுகிறோம். இதே ஐதராபாத்தின் ஈரானித் தேநீர்க் கடைகளில் பீங்கான் கோப்பையும் தட்டும் தலைமுறை தலைமுறையாகக் கழுவிக் கழுவித்தானே வைக்கப்படுகின்றன? அங்கே போய்ப் பெருமையாகக் குடிக்கும் நாம், வளாகத்துக்குள் வந்ததும் காகிதக் குவளையைக் கேட்கிறோம். வாழையிலைபோல் பச்சையாக அச்சிட்டு, மேலே பளபளப்பாக ஒட்டிய காகித இலையும் விற்கிறார்கள். அதைவிட ஒரு கேலி நம் விருந்துக்கு இருக்க முடியாது.

இலை எறியும் பொருள்தானே என்று கேட்கலாம். ஆம், எறியலாம், மாடு தின்னும், மண் தின்னும். மந்தாரை இலையைத் தைத்து நாம் தையல் இலை என்றோம். தெலுங்கர் மோதுக இலையை, அதாவது நம் புரச இலையை, ஈர்க்கால் தைத்து விஸ்தரி என்றார்கள். கிடைத்தால் அதை வாங்குவோம். அது கிராமத்துப் பெண்களின் கைக்கூலி.

தட்டுக்கும் குவளைக்கும் எவர்சில்வரே வழி என்று நினைக்கிறேன். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். பொதுக்குவளை என்றால் எல்லார் நெஞ்சிலும் இனிய நினைவு எழுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை என்ற இழிவு நெடுங்காலம் இருந்தது. சட்டம் அதைத் தடுத்த பிறகு, சில ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டும் எறியும் குவளையில் தேநீர் கொடுத்துத் தீண்டாமையை நாகரிகமாக மூடி மறைத்ததையும் செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மற்றோர் ஊரிலோ, எல்லாருக்கும் ஒரே காகிதக் குவளை வந்தபோது, தனிக்குவளையின் அவமானம் நீங்கிற்று என்று மூச்சுவிட்டவர்களும் உண்டு. ஆகவே, "பழைய நாளில் எல்லாம் நன்றாக இருந்தன; அதற்குத் திரும்புவோம்" என்று பாடுவோருடன் நான் சேர மாட்டேன். பழைய நாளில் குவளை நன்றாக இருந்தது. குவளையை வைத்த முறை நன்றாக இல்லை. ஒரே குவளை, ஒரே தொட்டி, ஒரே சோப்பு, யார் குடித்த குவளையையும் யாரும் எடுத்துக் குடிக்கலாம் என்ற நிலையில்தான் கழுவிப் பயன்படுத்தும் குவளைக்குப் பொருள் உண்டு. பல்கலைக்கழகத்து மன்றம் ஒன்று அதைச் செய்து காட்டாவிட்டால் வேறு யார் செய்வது?

"நல்ல பேச்சு, முந்நூறு தட்டை யார் கழுவுவது?" என்று நம் செயலாளர் கேட்பார். கேட்கவும் வேண்டும். அண்டை மாவட்டத்தையே பார்க்கலாம். தெலங்கானத்துச் சித்திப்பேட்டை மாவட்டத்து ஊர்களில் 'ஸ்டீல் பாங்க்' என்று ஒன்று நடத்துகிறார்கள். தட்டு, குவளை, பரிமாறும் பாத்திரம் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி ஊராட்சிப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். மகளிர் குழுவினர் கணக்குப் பார்க்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வீட்டார் சிறு வாடகைக்கு எடுத்துப்போய்க் கழுவித் திருப்பித் தரவேண்டும். நம் ஊர்களிலும் கோயிலிலோ சாவடியிலோ ஊர்ப் பொது அண்டாவும் தவலையும் இருந்தன. பெயர் வேறு, முறை ஒன்றே.

நம் மன்றத்துக்கு என் கருத்து இது. பேகம் பஜாரில் எவர்சில்வர்ப் பாத்திரம் மொத்த விலையில் கிடைக்கும். நான்கைந்து விழாக்களுக்குத் தட்டும் குவளையும் வாங்கும் பணத்தை ஒரே முறையில் அதற்குச் செலவிடலாம். ஒவ்வொன்றிலும் மன்றத்தின் பெயரை வெட்டிவிட வேண்டும். நம் அம்மாமார்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வீண் ஆசையால் அன்று. பலகாரம் கொடுத்தனுப்பிய தூக்குவாளி தெரு முழுதும் சுற்றினாலும் உரிய வீட்டுக்குத் திரும்பிவந்தது அந்த எழுத்தால்தான். பிற மொழி மன்றங்களுக்கும் வாடகைக்குக் கொடுப்போம். உகாதிக்குத் தெலுங்கு நண்பர்களும், ஓணத்துக்கு மலையாள நண்பர்களும் நம் தட்டில் உண்டால் நமக்குக் கசக்குமா என்ன?

கழுவுவதற்கு மூன்று தொட்டி. எச்சிலை வழித்துப்போட ஒன்று தனி. உண்டவரே தம் தட்டைக் கழுவ வேண்டும். தலைவரும் சிறப்பு விருந்தினரும் விலக்கல்லர். பேராசிரியர் ஒருவர் தட்டுக் கழுவும் காட்சி நம் முதலாண்டு மாணவருக்கு ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம். பிளாஸ்டிக் நாருக்குப் பதிலாகப் பீர்க்கங்கூடும் தேங்காய் நாரும் போதும். கழுவும் நீரை வாளிக்கணக்கில் வைக்க வேண்டும்; குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கவிதை பேசிக்கொண்டிருக்கக் கூடாது. இந்நகரம் தண்ணீரைக் கிருஷ்ணையிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் நெடுந்தொலைவு கொண்டுவந்து குடிக்கிறது.

தையலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாம். ஊருக்குப் போய் வரும்போது ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டியோ சேலையோ கொண்டுவரட்டும். தையல் என்றதும் எல்லாரும் மாணவியர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டா. ஊசியில் நூல் கோக்க இரு பாலாருக்கும் கண் ஒன்றே. செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஒயர் கூடை பின்னத் தெரிந்த அம்மையார் ஒருவரையாவது அழைத்துவந்து, உரிய மதிப்பூதியமும் கொடுத்து, முடிச்சுக் கற்றுக்கொள்வோம். நம் மேடைக்குச் சொற்பொழிவாளர் வந்தால் மாலையும் பொன்னாடையும் போடுகிறோம். இவருக்கும் போட்டால் குறைந்தா போகும்? பொன்னாடையை மட்டும் அவரே பையாகத் தைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதை முறைப்படி தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். எதிர்ப்போரும் வந்து பேசுங்கள். செலவுக் கணக்கைப் பொருளாளர் கையில் முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன். அன்று தேநீர் உண்டு. குவளை அவரவர் கொண்டுவர வேண்டும்.